லிகமெண்ட் தசை அன்று. எலும்பு உயிரற்றதும் அன்று

மூட்டில் எலும்பை எலும்போடு இணைக்கும் நார்ப்பட்டையே லிகமெண்ட். அலங்காநல்லூர் மாடுபிடியில் முழங்கால் திரும்பிய தம்பிக்கு, “லிகமெண்ட் தசைதான், எண்ணெய் போட்டு நீவினால் இரண்டு வாரத்தில் கூடிவிடும், எலும்புதான் உயிரற்ற சுண்ணாம்பு, முறிந்தால் தானாகச் சேராது” என்று ஒருவர் கூறியிருப்பது ஏறக்குறைய தலைகீழான செய்தி.

உடலின் திசுக்கள் எபிதீலியம் (உறுப்புகளின் பரப்பை மூடும் படலம்), இணைப்புத் திசு, தசை, நரம்பு என நான்காகப் பிரிக்கப்படுகின்றன. லிகமெண்டும் எலும்பும் இணைப்புத் திசுவையே சேர்ந்தவை. லிகமெண்ட் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆனது. தசையைப் போல அது சுருங்குவதில்லை, இரத்த ஓட்டமும் அதற்குக் குறைவு என்பதால் கிழிந்தால் மெதுவாகவே ஆறும். அதிலும், முழங்காலின் உட்பக்கத்தில் இருக்கும் லிகமெண்ட் பெரும்பாலும் அறுவை சிகிச்சையின்றியே ஆறிவிடும் என்றாலும், மூட்டின் நடுவே இருக்கும் முன் சிலுவை லிகமெண்ட் முழுதாக அறுந்துவிட்டால், முனைகள் மூட்டுத் திரவத்தில் விலகி நிற்பதால், தானாக ஒட்டுவது அரிது. எது கிழிந்தது என்று தெரியாமலேயே நீவச் சொல்வது பொறுப்பற்ற யோசனை.

எலும்பிலோ, கால்சியம் பாஸ்பேட் என்னும் கனிமத்துக்கு இடையே உயிருள்ள செல்களும் இரத்தக் குழாய்களும் உள்ளன. ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புதிய எலும்பை உருவாக்க, ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பழையதைக் கரைக்கின்றன. அதனால்தான், நேராகப் பொருத்தி அசையாமல் மாவுக்கட்டுப் போட்ட முறிவுகள் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ கூடிவிடுகின்றன.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், லிகமெண்ட் கிழிசல் தெரியாது. ஆகவே, எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிடாமல், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டி, லிகமெண்டையும் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவையா என்று கேட்பதே முறை.