அவர்கள் வீட்டுச் சண்டை, அவர்கள் வீட்டுச் சொத்து

2025 நவம்பரில் இரண்டு நாளாக அந்த வீடியோதான் எல்லார் டைம்லைனிலும். நைஜீரியாவின் பெனின் சிட்டியில் புதிய அருங்காட்சியகத்துக்குள் கூட்டம் புகுந்து கோஷம் போட்டது, விருந்தினர்களை வெளியேற்றினார்கள், திறப்பு தள்ளிப்போனது. 1897இல் அந்த ஊரிலிருந்து ஆங்கிலப் படை கொள்ளையடித்த பித்தளைச் சிலைகளைப் பற்றித்தான் பேச்சு. அதைப் பகிர்ந்து "இதுக்குத்தான் அந்தச் சிலையெல்லாம் லண்டன்லயே இருக்கட்டும்னு சொல்றோம்" என்று எழுதிய நண்பருக்கு லைக் குவிந்தது. மறுத்துப் பேசிய எனக்கு 'ஆப்பிரிக்கா வக்கீல்' என்று பட்டம். சரி, வக்கீலாகவே பேசுகிறேன்.

திருடிய பொருள் உடையவர்களிடம் போகவேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

முதலில், அந்தக் கூட்டம் என்ன கேட்டது என்று யாராவது பார்த்தீர்களா? 'எங்கள் ஓபாவின் பெயரில், ஓபாவின் பொறுப்பில் நடக்கட்டும்' என்றார்கள். ஓபா என்றால் பெனின் அரசர். திரும்பி வரும் பொருட்களுக்கு அவரே உரிமையாளர் என்று 2023இல் நைஜீரிய அரசே அறிவித்துவிட்டது. ஆக, இது யார் பொறுப்பில் வைப்பது என்ற சண்டை. அவர்கள் வீட்டுக்குள் நடக்கிற சண்டை. வன்முறை தப்புதான். அதற்காக லண்டன் எப்படி உரிமையாளர் ஆகும்?

"ஆங்கிலேயர் நரபலியை நிறுத்தத்தானே போனார்கள்?" என்று ஒருவர் கேட்கிறார். நரபலி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பிலிப்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1896 நவம்பரில் லண்டனுக்கு எழுதிய கடிதத்தையும் படியுங்கள். ஓபாவை நீக்க அனுமதி கேட்கிறார், ஆகும் செலவை அரண்மனையில் கிடைக்கும் தந்தத்தை வைத்தே ஈடுகட்டலாம் என்கிறார். படை கிளம்பும் முன்பே கொள்ளைக் கணக்கு போட்டாயிற்று. ஓபா வெளியாரைச் சந்திக்காத இகுவே சடங்குக் காலம் என்று தகவல் வந்தும் 1897 ஜனவரியில் பிலிப்ஸ் கிளம்பிப் போனார், வழியில் அவரும் கூட வந்தவர்களில் பெரும்பாலானவர்களும் கொல்லப்பட்டார்கள். பிப்ரவரியில் படை வந்தது. அரண்மனை எரிந்தது, பித்தளைத் தகடுகளும் தந்தங்களும் கப்பலேறின. ஓபா ஒவோன்ராம்வெனைக் கலபாருக்கு நாடு கடத்தினார்கள். 1914இல் அங்கேயே இறந்தார். நரபலியை நிறுத்தப் போனவர்களுக்கு ராஜமாதா இடியாவின் தந்த முகமூடி எதற்கு? 1977இல் லாகோஸில் நடந்த கலைவிழாவுக்கு நைஜீரியா அதை இரவலாகக் கேட்டது. பிரிட்டிஷ் மியூசியம் அதைக்கூடத் தரவில்லை.

"அந்தப் பித்தளையே அடிமைகளை விற்று வந்ததுதானே?" இந்தக் கேள்விக்கு மதிப்பு தருகிறேன். போர்த்துகீசியர் கொண்டுவந்த பித்தளை வளையங்களுக்கு மாற்றாகப் போனதில் மனிதர்களும் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் அந்த அடிமைகளின் சந்ததியினர் பங்கு கேட்டால் கேட்கட்டும், நியாயம். லண்டன் எந்த முகத்தோடு கேட்கும்?

லாகோஸில் வேலை பார்த்தபோது பெனின்காரச் சகா ஒருவர் என்னைப் பெனின் சிட்டியின் இகுன் தெருவுக்குக் கூட்டிப்போனார். வார்ப்புக்காரர்களின் தெரு. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். நம் சுவாமிமலை ஸ்தபதிகளின் அதே முறைதான். ஒரு காலத்தில் ஓபாவுக்கு மட்டுமே வார்த்தவர்கள், இன்று யார் வந்து கேட்டாலும் வார்க்கிறார்கள். "நாங்க அப்படியே உறைஞ்சு நிக்கலை" என்றார் சகா. உண்மை. 1914இல் பட்டமேறிய இரண்டாம் எவெகா, எரிந்த அரண்மனையைத் திரும்பக் கட்டினார். அங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கடத்தப்படும் பெண்களைக் கடத்தல்காரர்கள் சாமி முன்னால் சத்தியம் வாங்கிக் கட்டிப்போடுவார்கள். இப்போதைய ஓபா இரண்டாம் எவுவாரே 2018இல் பூசாரிகளைக் கூட்டி, அந்தச் சத்தியங்கள் இனி செல்லாது என்று அறிவித்தார். பழைய அதிகாரத்தை வைத்தே பழைய கட்டை அறுத்த மனிதர். அவரிடம் பித்தளைத் தலை பத்திரமாக இருக்காதாம்!

பத்தூர் நடராஜர் லண்டனில் வழக்காடி 1991இல் திரும்பினார். ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தார். நாம் கொண்டாடினோம். கோயிலில் வைப்பதா, சிலைப் பாதுகாப்பு மையத்தில் வைப்பதா என்று இன்றும் வாக்குவாதம் உண்டு. அதற்காக ஆஸ்திரேலியாவிலேயே இருக்கட்டும் என்று எந்தத் தமிழர் சொன்னார்? நமக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயமா?

எனக்கு வலிப்பது இதுதான். அதே சகா தன் அம்மாவின் சிகிச்சைக்காகச் சென்னை வந்தார். லாட்ஜில் அறை காலியாக இருந்தது, போனில் நானே உறுதி செய்திருந்தேன். இவர்களை நேரில் பார்த்ததும் "ரூம் இல்லை சார்" என்றார்கள். லாகோஸில் எனக்கு மலேரியா வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த அம்மா அவர். அன்று அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அருங்காட்சியகம் நடத்தத் தெரியாதவர்கள் என்று நீங்கள் எழுதும்போது எனக்கு அந்த லாட்ஜ்காரர் குரல்தான் கேட்கிறது.

ஜெர்மனி 2022இல் உரிமையை மாற்றிக் கொடுத்தது. நெதர்லாந்து 2025இல் 119 பொருட்களைத் திருப்பியது. பிரிட்டிஷ் மியூசியத்தில் இன்னும் 900க்கு மேல் இருக்கிறது, 1963ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது என்கிறார்கள். சட்டம் அவர்கள் நாடாளுமன்றம் போட்டதுதானே? மாற்றட்டும்.