மாம் டோரில் மறுபடியும் மூடுபனி

இங்கிலாந்தின் டார்பிஷயரிலுள்ள காசில்டன் கிராமத்துக்கு மூன்றாவது முறையாகச் சென்று, வண்டி நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரத்தைத் தொலைத்து, 517 மீட்டர் உயரமுள்ள மாம் டோர் குன்றின்மேல் மூச்சிரைக்க ஏறி நின்றால், ஈடேல் பள்ளத்தாக்கு இருக்க வேண்டிய இடத்தில் மீண்டும் வெள்ளைச் சுவர்! உச்சியில் நிற்கும் நில அளவைத் தூணைப் பார்க்கவா இத்தனை படிகள் ஏறினேன்? வானிலை அறிக்கை சொன்ன 'இடையிடையே வெயில்' என்பதில், அந்த 'இடை' எப்போதும் நான் இல்லாத நேரத்தில்தான் வருமோ? நிலச்சரிவு ஓயாததால் 1979-இல் கைவிடப்பட்ட பழைய சாலையையாவது காணலாமென்றால், அதையும் பனி விழுங்கியிருந்தது. இந்தக் குன்றுக்கு 'நடுங்கும் மலை' என்றொரு பெயருண்டு. நடுங்கியது என்னவோ நான்தான். கீழே இறங்கிக் காரின் கதவைச் சாத்தியதும், குன்றின் உச்சி வெயிலில் பளிச்சென்று மின்னியது.