"ஒரு வாய்தானே" என்று என்னிடம் இனி யாரும் சொல்ல வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை முதல் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். நான் மட்டும் தள்ளி, சைக்கிளில் சாய்ந்துகொண்டு என் டப்பாவைத் திறந்து வைத்திருக்கிறேன். கீழே எழுதியிருப்பதையும் படித்திருப்பீர்கள்: "கிடைத்ததைச் சாப்பிடத் தெரியாதவர்களுக்கு எதற்குப் பயணம்? ஆசையாக நறுக்கிக் கொடுத்த ஆப்பிள் துண்டைக்கூடத் தொடவில்லை." அதற்குச் சிரித்தவர்களில் நான்கைந்து பேர் என்னோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மிதித்தவர்கள். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இனி முடியாது. எனக்கு சீலியாக் என்ற நோய் இருக்கிறது, கோதுமை ஆகாது.

அந்த ஆப்பிளைப் பற்றியே முதலில் சொல்கிறேன். அதை நறுக்கிய கத்தியால் சற்று முன்புதான் ரொட்டி வெட்டினார்கள். கத்தியைத் துடைக்கக்கூட இல்லை. என்னிடம் நீட்டிய துண்டின் ஈரமான வெட்டுப்பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு துகள் ஒட்டியிருந்தது, கடுகில் பாதி இருக்கும். வேறு யார் கண்ணிலும் அது பட்டிருக்காது. பத்து வருடமாக மேக்ரோ லென்ஸில் பூச்சிகளின் கால்களைப் பார்த்துப் பழகிய எனக்குத் தெரிந்தது. "வேண்டாம், வயிறு நிறைந்துவிட்டது" என்றேன். பொய்தான். உண்மையைச் சொன்ன ஒவ்வொரு முறையும் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றே ஒன்று: "ஒரு வாய்தானே, என்ன ஆகிவிடப் போகிறது?"

என்ன ஆகும் என்று சொல்கிறேன். சீலியாக் தன்னுடல் தாக்கு நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் வயிற்றுக்குள் போனால், என் உடலின் எதிர்ப்பு சக்தி என் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்ச வேண்டிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. குணப்படுத்த மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை அண்டவிடாமல் இருப்பதுதான் சிகிச்சை. தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் உள்ளே போனாலே மூன்று மாதத்தில் குடல் கெடத் தொடங்குகிறது என்று 2007-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கும். அந்தத் துண்டை நாற்பதாகப் பிய்த்தால் அதில் ஒரு பங்கில் இருக்கும் குளூட்டன்தான் 50 மில்லிகிராம். உங்கள் "ஒரு வாய்" அதைவிட எத்தனை மடங்கு பெரியது என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அந்த ஒரு துகள் மட்டும் என்னைச் சாய்த்துவிட்டிருக்குமா? சாய்த்திருக்காமலும் இருக்கலாம். ஆனால் பயணத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாறு இடத்தில் நிற்கிறோம். ஓரிடத்தில் கத்தி, ஓரிடத்தில் மாவுப் பண்டம் பொரித்த அதே எண்ணெய், ஓரிடத்தில் மாவு பிசைந்த கை. துகள்களை எடை போட நான் தராசு கொண்டு போவதில்லை. அதனால் ஒரு வாய் என்ற கணக்கே எனக்குக் கிடையாது.

நோய் இன்னதென்று தெரியாத காலத்தில் நான் பட்டது உங்களுக்குத் தெரியாது. சின்ன மேட்டில்கூடக் கால் துவண்டுவிடும். பயிற்சி போதாது என்று என்னையே திட்டிக்கொண்டு இன்னும் அதிகமாக மிதித்தேன். ரத்தத்தில் இரும்புச்சத்து இல்லை என்றார்கள். மாத்திரை விழுங்கினேன், ஏறவே இல்லை. உறிஞ்ச வேண்டிய குடல் கெட்டிருந்தால் எப்படி ஏறும்? கடைசியில் ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோபி வழியாக எடுத்த திசுப் பரிசோதனையும்தான் விடை சொல்லின. அந்த வருடங்களை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

தெரிந்த பிறகும் ஒரு முறை ஏமாந்தேன். "இதில் கோதுமையே இல்லை" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி ஒருவர் சூப் கொடுத்தார். கெட்டியாவதற்கு ஒரு கரண்டி மைதா போட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. இரவு முழுவதும் வாந்தி. விடியலில் ஏரிமேல் மூடுபனி எழும்பும் என்று அதற்காகவே 140 கிலோமீட்டர் மிதித்து வந்திருந்தேன். தட்டுத்தடுமாறி எழுந்து கேமராவைப் பிடித்தேன். சாதாரணமாக 1/30 நொடியில் கை ஆடாமல் எடுத்துவிடுவேன். அன்று அதைவிட வேகமாக 1/125 வைத்தும் அத்தனையும் கலங்கல். அந்தப் படங்களை இன்னும் அழிக்கவில்லை. யாராவது "ஒரு வாய்தானே" என்று சொன்னால் எடுத்துப் பார்ப்பேன்.

இது புதிதாகக் கிளம்பிய நாகரிகம் என்று எழுதியவருக்கு ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காமல் போனது. சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்தது, நோயும் திரும்பியது. கோதுமையின்மேல் ஏற்கெனவே வில்லெம் கரேல் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு இருந்த சந்தேகம் அதனால் வலுப்பட்டது. 1950-ல் ஆய்வேடாகவே எழுதினார். எழுபது வருடத்துக்கு மேல் ஆன விஷயம் இது. உடல் இளைப்பதற்காக நான்கு நாள் குளூட்டனை விட்டு ஐந்தாம் நாள் கேக் சாப்பிடுபவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அவர்களைப் பார்த்துத்தான் என்னையும் எடை போடுகிறீர்கள். அவர்கள் மேல் கோபப்படுவது நியாயமில்லை என்று தெரியும். ஆனாலும் கோபம் இருக்கிறது.

"குழுவைக் காக்க வைக்கிறாயே" என்று கேட்டால் ஒப்புக்கொள்கிறேன். சில நாள் என் அடுப்பு பற்ற நேரமாகிறது, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். "அப்படியானால் வீட்டிலேயே இரு" என்பவருக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

என் பின்சக்கரப் பைகளில் என்ன இருக்கிறது என்று யாராவது பார்த்திருக்கிறீர்களா? வலது பையில் அரிசி, உப்பு, என் சொந்தச் சட்டி, என் சொந்தக் கரண்டி, மூன்று நாளைக்கான கொட்டைகள். மேட்டில் மணிக்கணக்கில் மிதிப்பவருக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். நீங்கள் வழியில் வாங்குகிற பிஸ்கட்டும், முளைகட்டிய பார்லியான மால்ட் கலந்த பானமும் எனக்கு ஆகாது. அத்தனையையும் நானே சுமக்கிறேன். அந்த எடைக்காக எதை விட்டு வந்தேன் தெரியுமா? என் தொலைதூர லென்ஸை. முக்காலியை. பறவை தலைக்கு மேலே வட்டமிடும்போது கையில் 35 மில்லிமீட்டர் லென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று படம் எடுப்பவர்களுக்குத் தெரியும். இதையெல்லாம் நான் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நீங்கள் சாப்பிடும்போது நான் ஏன் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கிறேன் என்று நினைக்கிறீர்கள்? கையில் கேமரா இருந்தால் யாரும் தட்டை நீட்டுவதில்லை. "ஏன் சாப்பிடவில்லை" என்று கேட்பதில்லை. நம் பயணங்களில் நீங்கள் வாய்விட்டுச் சிரித்துச் சாப்பிடும் படங்கள் எல்லாம் அப்படி வந்தவைதான். சிலவற்றை வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள், பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றிலும் நான் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் நான் இருக்கும் ஒரே படம் ஞாயிற்றுக்கிழமை எடுத்ததுதான்.

படம் நன்றாக இருக்கிறது. இடப்பக்கத்திலிருந்து மாலை வெயில் விழுகிறது, டப்பாவிலிருந்து எழும் ஆவிகூடத் தெரிகிறது. எடுத்தவருக்கு நல்ல கண். அதை நீக்கச் சொல்லவில்லை. கீழே எழுதியிருப்பதை மட்டும் நீக்குங்கள்.