மிருதங்கத்தின் இரு மைக்குகளுக்கு 3:1 விதி பொருந்தாது

மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கத் தோல்) மைக்கைத் தோலிலிருந்து 20 செ.மீ. தொலைவில் வைத்தால், 3:1 விதிப்படி தொப்பி (இடப்பக்கத் தோல்) மைக்கை அதன் தோலிலிருந்து 60 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. புதிதாகப் பதிவு செய்பவர்கள் அதை அப்படியே பின்பற்றிவிடக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒரு மைக் தன் ஒலிமூலத்திலிருந்து உள்ள தொலைவைப் போல் மூன்று மடங்காவது அடுத்த மைக் அதிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதே அவ்விதி. ஒவ்வொரு கலைஞருக்கும் தனி மைக் வைக்கும்போது பயன்படுவது அது. பாடகரின் மைக் வாயிலிருந்து 20 செ.மீ. தொலைவில் இருந்தால், வயலினுக்கான மைக் அந்த மைக்கிலிருந்து குறைந்தது 60 செ.மீ. விலகியிருக்க வேண்டும். அப்போது, எதிரொலி அதிகமில்லாத அறையில், வயலின் மைக்கில் கசியும் குரல் ஏறக்குறைய 9.5 டெசிபல் தணிந்திருக்கும்.

மிருதங்கமோ ஒரே வாத்தியம். தொப்பி மைக்கை மட்டும் 40 செ.மீ. பின்னுக்குத் தள்ளினால், தொப்பியின் ஒலி அதில் 1.2 மில்லி விநாடி தாமதமாகப் பதிவாகும், அறையின் ஒலியும் கூடுதலாகச் சேரும். வேறு பயன் இல்லை. இரண்டையும் வாசிப்பவரின் கைக்கு இடைஞ்சல் இல்லாமல் ஏறத்தாழச் சமதொலைவில் வையுங்கள். பிறகு, இது மிக முக்கியம், இரண்டையும் மோனோவில் (ஒரே தடமாக) கலந்து, ஒன்றின் போலாரிட்டியை (ஒலியலையின் மேல்-கீழ் திசையை) மாற்றிக் கேளுங்கள். ஒரு தோல் உள்ளே அழுந்தும்போது மற்றது வெளியே தள்ளப்படுவதால், இரு மைக்குகளின் அலைகளும் எதிரெதிராகி ஒன்றையொன்று குறைத்து, தொப்பியின் கும்கி (அதை அழுத்தித் தேய்க்கும்போது எழும் வளைந்த கனத்த ஒலி) மெலிந்துபோகக்கூடும். எந்த நிலையில் அது நிறைவாக ஒலிக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.