ஐம்பது ரூபாய் அபராதமும் ஒரு கிலோ ஜிலேபியும்

"மீனுக்கெல்லாம் சட்டமா?" என்று சிரிப்பவர்கள் 1960-இன் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். 2-ஆம் பிரிவுப்படி மனிதரைத் தவிர்த்த எந்த உயிரும் 'பிராணி'தான். மீன் அறுபது வருடமாக உள்ளேதான் இருக்கிறது. உணவுக்காகக் கொல்ல 11(3)-ஆம் பிரிவு விலக்கு தருகிறது, தேவையில்லாத வலி கூடாது என்ற நிபந்தனையோடு. மீறினால் முதல் தடவை அபராதம் 10 முதல் 50 ரூபாய். அந்தக் காசுக்குச் சந்தையில் ஒரு கிலோ ஜிலேபிக் கெண்டை வராது!

ஆனால் அபராதத்தைவிடப் பெரிய ஓட்டை வேறு. வளர்ப்பு மீனுக்கென்று அளந்து பார்க்க ஓர் எண்கூட அந்தச் சட்டத்தில் இல்லை. நார்வேயில் கடல் கூண்டுச் சால்மன் கன மீட்டருக்கு 25 கிலோவைத் தாண்டக்கூடாது. ஆய்வாளர் கணக்குப் போட்டுப் பிடித்துவிடலாம். 'தேவையில்லாத வலி'யை எந்தத் தராசில் வைப்பது?

எண்கள் நம் பண்ணைக்காரர்களுக்குத் தெரியாததல்ல. கெண்டைக் குளத்தில் கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது வேண்டும். 3-க்குக் கீழே இறங்கினால் மீன் தீவனத்தில் வாய் வைக்காது, அதற்கும் கீழே போனால் மேலே வந்து வாய் பிளக்கும். இரவில் பாசியும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்வதால் விடியுமுன்தான் மோசமான நேரம். மப்பு போட்ட நாளில் தீவனத்தைக் குறைத்து, நள்ளிரவிலிருந்து தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டரை ஓட்ட வேண்டும். மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் இல்லாத குளத்தில் மீனை நெருக்கி விடுவதே தவறு.

மீன்குஞ்சைப் பையில் அடைத்து வண்டியில் ஏற்றும்போது முந்தின நாளே தீவனத்தை நிறுத்தி வயிற்றைக் காலியாக்க வேண்டும். இல்லையென்றால் கழிவிலிருந்து வரும் அமோனியா பைக்குள்ளேயே கொன்றுவிடும். பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்ஸிஜன். இறக்கியதும் கொட்டாமல், பையைக் குளத்தில் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு, குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட வேண்டும்.

கொல்வதில்தான் யாரும் எதையும் கவனிப்பதில்லை. உயிரோடு ஐஸில் போட்டால் உடல் குளிர்ந்து ஆக்ஸிஜன் தேவை குறைகிறது, சாவு இழுத்துக்கொண்டே போகிறது. காற்றைச் சுவாசிக்கும் விரால், கெளுத்திக்கு இன்னும் மோசம். கண்ணுக்குச் சற்றுப் பின்னால் தலையில் கட்டையால் ஓர் அடி, உடனே செவுளை அறுத்து ரத்தம் வடிப்பது, இவ்வளவுதான் வேலை. செவுள் மூடி அசைவது நின்று, மீனைப் புரட்டினால் கண் உருளாமல் இருந்தால் நினைவில்லை என்று அர்த்தம். துடித்துச் செத்த மீன் சீக்கிரமே விறைத்து, சதையும் தொளதொளவென்று ஆகிவிடும் என்பதால் விற்பவருக்கும் இப்படி உடனே கொல்வதில் லாபம்தான்.

தெருவோர மீன்கடையில் இதை யார் பார்ப்பது என்று கேட்பீர்கள். அங்கே தொடங்க வேண்டாம். பெரிய பண்ணைகளிலும் பதப்படுத்தும் ஆலைகளிலும் தொடங்கட்டும். அங்கே எடைக்கும் நேரத்துக்கும் பதிவேடு உண்டு, குளத்து எண்களுக்கும் கொல்லும் முறைக்கும் அதில் இன்னும் இரண்டு கட்டம் சேர்த்தால் போதும்.