பழமிளகாய்த் தொக்கும் இரண்டு கிலோ அறுநூறு கிராமும்

‘விடுமுறை விமானப் பயணத்தைப் பதற்றமில்லாமல் அனுபவிக்க எளிய வழிகள்’ என்று இன்று காலை ஒரு செய்தி வந்திருக்கிறது. அனுப்பியவர் என் நாத்தனாரின் கணவர். டெல்லிக்காரர். மெட்ரோ ரயிலில் உட்கார்ந்து விமான நிலைய வாசலில் இறங்குகிற பாக்கியவான். சீக்கிரம் கிளம்ப வேண்டுமாம். சுமையைக் குறைக்க வேண்டுமாம். வரிசையில் நிற்கும்போது மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விட வேண்டுமாம்.

இழுத்த மூச்சை நான் இன்னும் விடவில்லை.

சீக்கிரம் கிளம்புவதைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கா பாடம்? அரையாண்டு விடுமுறைக்கு டெல்லியில் நாத்தனார் வீட்டுக்குப் போனபோது, காலை 6.40 விமானத்துக்கு நாங்கள் முந்தின தேதியிலேயே சத்துவாச்சாரியில் காரில் ஏறிவிட்டோம். இதைவிடச் சீக்கிரம் என்றால் முந்தின மாதம்தான் கிளம்ப வேண்டும். மீனம்பாக்கம் 130 கிலோமீட்டர். வாலாஜாவில் தொடங்கிப் பூந்தமல்லி வரைக்கும் சாலையை அகலப்படுத்துகிறார்கள், அகலப்படுத்துகிறார்கள், அகலப்படுத்திக்கொண்டே இருக்கிறார்கள். எந்த இடத்தில் எந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள் என்று ஓட்டுநருக்கே தெரியாது. சென்னசமுத்திரத்திலும் நெமிலியிலும் சுங்கம் மட்டும் தவறாமல் பிடித்துக்கொள்கிறார்கள்.

மன்னன் இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு கேலிப் பட்டியல் உண்டு. சாமி இல்லாத கோயில் என்பதும் அதில் இருந்தது. 1981-இல் ஜலகண்டேஸ்வரரை மறுபடி கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்து அந்த வரியை அடித்துவிட்டோம். காலியான இடத்தில் விமானம் இல்லாத விமான நிலையம் என்று தாராளமாக எழுதிக்கொள்ளலாம். அப்துல்லாபுரத்தில் இருக்கிறது. சிறிய ஊர்களுக்கும் விமானம் விடுகிற உடான் திட்டத்தில் அதன் பெயரைச் சேர்த்த நாள் முதலாக ‘விரைவில்’ என்ற செய்தியைப் படித்துப் படித்து என் பையன் மீசை வைத்துவிட்டான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிக்கெட்டை நான்கு பேருக்குச் சேர்த்து எடுக்காதே என்று சொன்னவரும் இதே டெல்லி மகான்தான். கணக்கு என்னவோ உண்மை. இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மலிவான அடுக்கில் இரண்டு இடம்தான் மிச்சம் என்றால், நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது நான்கு பேருக்குமே மேல் அடுக்கு விலையைக் காட்டும். இரண்டு இரண்டாகப் பிரித்தால் முதல் இரண்டு பேருக்காவது மலிவாகக் கிடைக்கும். அரையாண்டு விடுமுறைக் கட்டணத்தைப் பார்த்தவர்கள் இதைச் செய்யாமல் இருப்பார்களா? என் வீட்டுக்காரரும் பையனும் ஒரு டிக்கெட், நானும் மாமியாரும் ஒரு டிக்கெட். மிச்சமான பணத்தை நினைத்து வீட்டில் கேசரி எல்லாம் செய்தோம்.

இனி கவுன்டர். ஆளுக்கு 15 கிலோ, நான்கு பேருக்கு 60 கிலோ. எங்கள் பைகள் எல்லாம் சேர்ந்து 58.6 கிலோ. வீட்டுத் தராசில் நிறுத்து, எழுதி, கூட்டிப் பார்த்துக் கொண்டுபோன கணக்கு. அப்பாவும் பிள்ளையும் பக்கத்து கவுன்டரில் காலியிடம் பார்த்து ஓடினார்கள். அவர்கள் பைகள் 26 கிலோ. பெல்ட்டில் ஏறின, போயின. எங்கள் பைகள் 32.6 கிலோ.

“மேடம், இரண்டு கிலோ அறுநூறு கிராம் அதிகம்” என்றது அந்தப் பெண்.

“அதோ நிற்கிறாரே, அவர் என் கணவர். அவர் கணக்கில் நான்கு கிலோ பாக்கி இருக்கிறது.”

“அது வேறு பி.என்.ஆர். மேடம். ஒரே பி.என்.ஆரில் இருந்தால்தான் எடையைச் சேர்க்க முடியும்.”

“ஏம்மா, அவன் நான் பெற்ற பிள்ளை” என்றார் என் மாமியார். பெற்றதற்கு அந்தக் கணினியில் இடமில்லை. பி.என்.ஆர். என்கிற ஆறெழுத்துப் பதிவு எண் ஒன்றாக இருந்தால்தான் குடும்பம். “அப்படியானால் அந்தப் பையைத் திருப்பி எடுங்கள், இதிலிருந்து கொஞ்சம் மாற்றிக்கொள்கிறோம்” என்றேன். பெல்ட்டில் போனது போனதுதானாம். கிலோ ஒன்றுக்கு அவர்கள் கேட்ட தொகைக்கு எங்கள் ஊரில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்குக் காய்கறி வாங்கலாம். கிலோ கணக்கில்தான் வசூலாம், அறுநூறு கிராமும் ஒரு கிலோதானாம். ஆக, மூன்று கிலோவுக்குக் கட்ட வேண்டும். பின்னால் நிற்கிற வரிசை ‘உச்’ கொட்டியது.

பிறகு அந்தப் பெண் திருவாய் மலர்ந்து ஒரு யோசனை சொன்னது. கேட்டுக்கொள்ளுங்கள், யோசனை அவர்களுடையது. “கனமான பொருள் ஒன்றிரண்டை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள் மேடம்.”

நடுக்கூடத்தில், நாலு பேர் காலடியில், பெட்டியைத் திறந்தேன். நாத்தனாருக்கு எடுத்துப்போன ஆரணிப் பட்டு, ஆற்காடு மக்கன் பேடா டப்பா, மாமியாரின் உள்பாவாடை எல்லாம் ஊர் பார்க்க வெளியே வந்தன. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்ப் பை அவிழ்ந்துகொண்டது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய், பளிங்குத் தரையில் திசைக்கொன்றாக உருண்டு அயல் மாநிலத்தார் காலடியில் போய் நின்றது. உதவுகிறேன் என்று குனிந்த ஒரு கனவான் விரலை உதறிக்கொண்டு என்னை முறைத்தார். பெயரிலேயே முள் இருக்கிறதே ஐயா.

கடைசியில் இருப்பதிலேயே கனமானதை எடுத்தேன். பழமிளகாய்த் தொக்கு. மாமியார் தன் கையால் கிளறி, நல்லெண்ணெய் மிதக்க ஊற்றி, மகளுக்காகக் கட்டிவைத்த பெரிய பாட்டில். கூடவே மக்கன் பேடா டப்பா. தராசு 29.9 காட்டியது. அந்தப் பெண் புன்னகைத்தது. நானும் புன்னகைத்துத் தொலைத்தேன்.

பாதுகாப்புச் சோதனையில் கைப்பை ஸ்கேனருக்குள் போனது, திரும்பி வந்தது, தனியாக ஒதுக்கப்பட்டது. சீருடைக்காரர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

“மிளகாய் ஊறுகாய் கைப்பையில் போகாது. செக்-இன் பையில் வைத்திருக்க வேண்டும்.”

“அங்கேதான் ஐயா இருந்தது! அவர்கள்தான் எடுக்கச் சொன்னார்கள்!”

அவரைக் குறை சொல்ல மாட்டேன்; மிளகாய்ப் பொடியைக் கண்ணில் தூவுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். விதி விதிதான். ஆனால் நாற்பதடி தூரத்தில் ஒருவர் ‘மேலே எடு’ என்கிறார், இன்னொருவர் ‘கீழே போட்டிருக்க வேண்டும்’ என்கிறார். நடுவில் தொக்குப் பாட்டிலும் கையுமாக நிற்கிறவள் நான். திரும்பிப் போய் பணம் கட்டலாம் என்றால் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பு கவுன்டரை மூடிவிடுவார்கள், மூடியாகிவிட்டது.

“நீங்களாவது வைத்துச் சாப்பிடுங்கள் தம்பி, வீட்டுத் தொக்கு” என்றார் மாமியார்.

“நாங்கள் சாப்பிடக் கூடாது பாட்டி.”

அந்தத் தொக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஷாம்பு புட்டிகளோடும் தீப்பெட்டிகளோடும் சேர்ந்தது. அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைத் தனியாக எடை போட்டால் முப்பது கிலோ தேறும்.

அதற்கப்புறம் விமானம் தாமதம். டெல்லியில் டிசம்பர் மூடுபனி, அங்கிருந்து வர வேண்டிய விமானம் கிளம்பவில்லை. அரை மணி, இன்னும் அரை மணி என்று தவணை முறையில் தள்ளினார்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பறக்கிற உள்நாட்டு விமானம் என்றால் தாமதம் மூன்று மணி நேரத்தைத் தொட்டால்தான் சிற்றுண்டி தர வேண்டும் என்பது அன்றைக்கு சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதியாக இருந்தது. எங்களை இரண்டே முக்கால் மணி நேரத்தில் ஏற்றினார்கள். பனிக்குக்கூட கணக்குத் தெரிகிறது. உள்ளே அத்தைக்கு ஒன்பதாவது வரிசை நடு இருக்கை, எனக்கு இருபத்தேழு. சேர்ந்து உட்கார வேண்டுமென்றால் அதற்கும் தனிக் கட்டணம் கேட்டார்கள். வழியெல்லாம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை என்பதால் இதை மட்டும் மன்னிக்கிறேன்.

டெல்லியில் கதவைத் திறந்தவர் நம்முடைய ஆலோசகர்தான். வாருங்கள் என்பதற்கு முன்பே கேட்டார்: “அத்தை, தொக்கு கொண்டுவந்தீர்களா?”

நான் சிரித்துவிட்டேன். நிற்காமல் சிரித்தேன். என் வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அத்தை சிரிக்கவில்லை. இந்த மனிதர்தான் இன்று காலை எனக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுக்கிறார்.

அது கிடக்கட்டும். நாங்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து எங்கள் வீட்டு வாசலில் யாரோ ஒரு லோடு மணல் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். தெருவில் யாரைக் கேட்டாலும் தெரியாதாம். மூன்றாம் வீட்டில் மாடி எடுக்கிறார்கள், அவரைக் கேட்டால் “என்னுடையது எம்சாண்ட் அம்மா, இது ஆற்று மணல் மாதிரி இருக்கிறதே” என்கிறார். பாலாற்றில் எங்கே ஐயா மிச்சம் வைத்தீர்கள் மணலை? எவனுடையது என்று சொல்லித் தொலைத்தால் போதும், கேட்டைத் திறக்க முடியவில்லை.