காய்கறி மட்டும் தின்ற இருவர்

வேட்டை இறைச்சி வெந்துவிட்டதா என்பதை நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று யாராவது அடித்துப் பேசினால் எனக்குப் பொறுக்க முடிவதில்லை. அவர்களிடம் ஒரே ஒரு விருந்தைப் பற்றித்தான் சொல்வேன்.

2022, அமெரிக்காவின் தெற்கு டகோட்டா. குடும்பத்தார் ஒன்பது பேர் கூடியிருந்தார்கள். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் வேட்டையாடிய கருங்கரடியின் இறைச்சி, 45 நாள் ஃப்ரீசரில் கிடந்தது. இறைச்சியில் ஒட்டுண்ணிப் புழு இருந்தாலும் உறைந்தால் செத்துவிடும் என்று நம்பினார்கள். காய்கறிகளோடு கம்பியில் கோத்துச் சுட்டார்கள். கரடி இறைச்சி இயல்பிலேயே கருத்தது. வெந்ததா இல்லையா என்று பிடிபடவில்லை. சிலர் தின்னத் தொடங்கிய பிறகுதான் உள்ளே வேகவில்லை என்று தெரிந்து, மறுபடி சுட்டார்கள். ஆறு பேர் நோயில் விழுந்தார்கள். அவர்களில் இருவர் இறைச்சியை வாயில் வைக்கவே இல்லை. கூட வெந்த காய்கறியைத் தின்றதோடு சரி.

அந்த இருவரை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறுவதில்லை. வேண்டாம் என்று ஒதுங்கியவர்களையும் அந்தப் புழு விடவில்லையே!

டிரைக்கினெல்லா என்ற உருளைப்புழு அது. அதன் குஞ்சு தசைநாருக்குள் சுருண்டு கிடக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. நம் இரைப்பையின் அமிலம் அதன் உறையைக் கரைக்க, குடலில் வளர்ந்து குஞ்சுகளை ஈனுகிறது. அந்தக் குஞ்சுகள் இரத்தத்தோடு ஓடி நம் தசைக்குள் புகுந்துகொள்கின்றன. முதலில் வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. பிறகு காய்ச்சல், தசைவலி, கண்ணைச் சுற்றி வீக்கம். இதயத்தையும் மூளையையும் தாக்கினால் உயிருக்கே ஆபத்து.

பன்றி இறைச்சியில் இருக்கும் வகை, வாரக்கணக்கில் உறையவைத்தால் பெரும்பாலும் சாகும். குளிர்நாட்டு விலங்குகளில் வாழும் வகைக்கு உறைபனி பழகிப்போன ஒன்று. உப்பிடுவது, உலர்த்துவது, புகையிடுவது எதையும் நம்ப முடியாது. இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். அதைச் சொல்லக் கண்ணால் ஆகாது, குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் வேண்டும். காய்கறியைத் தனியாகச் சுடுங்கள். பச்சை இறைச்சி பட்ட கத்தியும் பலகையும் அதன்மேல் படக் கூடாது.

அந்த விருந்தில் முதலில் கண்டறியப்பட்டவர் 29 வயது இளைஞர். பலமுறை மருத்துவரைப் பார்த்து, இரண்டாம் முறை மருத்துவமனையில் சேர்ந்தபோதுதான் கரடி இறைச்சி தின்றது பேச்சில் வந்தது. குஞ்சுகள் தசைக்குள் புகும் முன்பே அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மருந்தைக் கொடுத்தால்தான் நல்ல பலன். வேட்டை இறைச்சி தின்ற சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். என்ன தின்றோம் என்பதை முதல் நாளே நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.